ஆங்கில வாக்கியத்தில் ‘ஜஸ்ட்’ (just) இடம் மாறினால் பொருள் மாறுமா?

மாறும். ‘ஐ ஜஸ்ட் கான்ட் லீவ்’, ‘ஐ கான்ட் ஜஸ்ட் லீவ்’ என்று நீங்கள் கேட்ட இரண்டு வாக்கியமும் ஒன்றல்ல. ‘ஐ ஜஸ்ட் கான்ட் லீவ்’ என்றால் என்னால் போகவே முடியாது. ‘ஐ கான்ட் ஜஸ்ட் லீவ்’ என்றால் போகலாம், ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் அப்படியே கிளம்பிவிட முடியாது. முதலாவதில் ‘ஜஸ்ட்’ மறுப்பை அழுத்துகிறது. இரண்டாவதில் ‘ஜஸ்ட் லீவ்’ என்பதுதான் மறுக்கப்படுகிறது.

பெரும்பாலும் குழப்பம் எங்கே வருகிறதென்றால், பள்ளியில் பிரசென்ட் பெர்ஃபெக்ட் (‘ஹேஸ்’, ‘ஹேவ்’ சேர்ந்து வரும் வினை வடிவம்) பாடத்தோடு சேர்த்து ‘இப்போதுதான்’ என்ற ஒரே பொருளில் இதைப் படித்திருப்போம். ‘ஷி ஹேஸ் ஜஸ்ட் லெஃப்ட்’ என்பதற்கு அது சரி. ஆனால் ‘ஜஸ்ட் டூ இட்லிஸ்’ என்றால் இரண்டே இரண்டு, ‘ஜஸ்ட் லைக் ஹெர் மதர்’ என்றால் அச்சு அசல் அம்மா மாதிரி.

சந்தேகம் வந்தால் ‘ஜஸ்ட்’டை எடுத்துவிட்டு அதே இடத்தில் ‘சிம்ப்ளி’, ‘ஒன்லி’, ‘எக்ஸாக்ட்லி’, ‘ரீசன்ட்லி’ என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் படித்துப் பாருங்கள், எது உறுத்தாமல் உட்காருகிறதோ அதுதான் அங்கே பொருள்.

ஒரு எச்சரிக்கை: ‘ஐ ஜஸ்ட் வான்டட் டு ஆஸ்க்’ போன்றவற்றில் இந்தச் சோதனை அவ்வளவாக உதவாது. அங்கே அது கேட்பதை மென்மையாக்க வருகிறது, அவ்வளவுதான். அப்புறம் ‘ஐ ஜஸ்ட் ஏட்’ என்று இறந்தகாலத்தில் பார்த்தால் தப்பென்று திருத்திவிடாதீர்கள். அமெரிக்க வழக்கில் அது இயல்பு, பிரிட்டிஷ்காரர்கள்தான் ‘ஐ’வ் ஜஸ்ட் ஈட்டன்’ பக்கம் அதிகம் சாய்வார்கள்.