நீலக் கவுண்டியில் என் ஓட்டுக்கு என்ன வேலை?

கேள்வி: அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், லவுடன் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் போன்றது), ஆஷ்பர்னில் வசிக்கிறோம். எனக்கு இந்த ஆண்டு அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. மனைவிக்கு இன்னும் கிரீன் கார்டுதான். 'இது ஜனநாயகக் கட்சியின் கோட்டை, நாம் ஓட்டுப் போட்டு எதுவும் மாறாது' என்கிறார்கள் நண்பர்கள். வாக்குப்பதிவு சதவீதத்தையும் ஆளுக்கொரு எண்ணாகச் சொல்கிறார்கள். எதை நம்புவது? பதிவு செய்யும்போது கட்சியைக் குறிப்பிட வேண்டுமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். வர்ஜீனியாவில் வாக்காளர் பதிவில் கட்சிக்கு இடமே கிடையாது. பிரைமரி (கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல்) நடக்கும்போது எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு வேண்டுமோ அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இரண்டு கட்சிகளுக்கும் ஒரே நாளில் நடந்தால் ஒன்றில்தான் போடலாம். ஆகவே 'லவுடனில் ஜனநாயகக் கட்சியினர் இத்தனை சதவீதம்' என்று யாராவது சொன்னால், பழைய முடிவுகளை வைத்துப் போட்ட மதிப்பீடு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, கோட்டை விஷயத்துக்கு வருவோம். தேர்தல் வரைபடங்களில் ஜனநாயகக் கட்சிக்கு நீலம், குடியரசுக் கட்சிக்குச் சிவப்பு; 'நீலக் கவுண்டி' என்ற பேச்சு அதிலிருந்து வந்ததுதான். 1964-க்குப் பிறகு 2008 வரை அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி இந்தக் கவுண்டியில் ஜெயித்ததே இல்லை. 1990-இல் இங்கே சுமார் 86 ஆயிரம் பேர்தான் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் அது 4 லட்சத்து 20 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. குதிரைப் பண்ணைகள் இருந்த நிலத்தில் வீடுகள் வந்தன, டேட்டா சென்டர்கள் வந்தன, நம்மைப் போன்றவர்களும் வந்தோம். 2020-இல் ஜனநாயகக் கட்சியின் பைடன் இங்கே ஏறத்தாழ 25 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் வென்றார். 2024-இல் ஹாரிஸும் வென்றார், ஆனால் வித்தியாசம் சுமார் 16 புள்ளியாகச் சுருங்கியது. 2025 ஆளுநர் தேர்தலில் அது மறுபடி விரிந்தது.

இந்த எண்களை மட்டும் பார்த்தால் உங்கள் நண்பர்கள் சொல்வது சரி என்றுதான் தோன்றும். ஆனால் இவை அதிபர், ஆளுநர் போன்ற பெரிய தேர்தல்களின் எண்கள். வர்ஜீனியாவில் ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில் ஏதாவது ஒரு தேர்தல் உண்டு. ஆளுநர், மாநிலச் சட்டமன்றம், ஷெரிஃப் (கவுண்டியின் காவல்துறைத் தலைவர்), பள்ளி வாரியம் என்று அன்றாட வாழ்க்கையைத் தொடும் பதவிகளில் பெரும்பாலானவை ஒற்றைப்படை ஆண்டுகளில்தான் வருகின்றன. அப்போது வந்து வாக்களிக்கும் கூட்டம் வேறு.

2008-இல் ஒபாமா லவுடனில் சுமார் 54 சதவீதம் பெற்றார். சரியாக ஓராண்டு கழித்து நடந்த ஆளுநர் தேர்தலில் இதே கவுண்டியில் குடியரசுக் கட்சியின் பாப் மெக்டானல் ஏறத்தாழ 60 சதவீதம் வாங்கினார். சிலர் மனம் மாறியிருப்பார்கள், மறுக்கவில்லை. ஆனால் வாக்குப்பதிவைப் பாருங்கள்: மாநிலம் முழுவதும் பதிவான வாக்காளர்களில் 2008-இல் 74 சதவீதத்துக்கு மேல் ஓட்டுப் போட்டார்கள், 2009-இல் சுமார் 40 சதவீதம்தான். 'அதிபருக்குப் போட்டாயிற்று, அடுத்து நாலு வருஷம் கழித்துப் பார்க்கலாம்' என்று வீட்டில் இருந்துவிட்டவர்களின் பங்கு அதில் பெரிது.

இன்னும் பக்கத்தில் ஓர் உதாரணம் வேண்டுமா? 2023. 'நீலக் கவுண்டி' என்று பெயரெடுத்த பிறகு நடந்த உள்ளூர்த் தேர்தல். கவுண்டியை நிர்வகிக்கும் மேற்பார்வைக் குழுவில் ஜனநாயகக் கட்சியே பெரும்பான்மையைத் தக்கவைத்தது. ஆனால் ஷெரிஃப் பதவியில் குடியரசுக் கட்சியின் மைக் சாப்மன் மீண்டும் வென்றார். கவுண்டியின் தலைமை அரசு வழக்கறிஞர் பதவியில் இருந்த ஜனநாயகக் கட்சியின் பூட்டா பிபராஜ், மிகச் சொற்ப வித்தியாசத்தில் குடியரசுக் கட்சியின் பாப் ஆண்டர்சனிடம் தோற்றார். ஆஷ்பர்னில் இரண்டு மூன்று குடியிருப்புகளில் கூடுதலாகக் கொஞ்சம் பேர் கிளம்பிப் போயிருந்தால் முடிவு எந்தப் பக்கமும் சாய்ந்திருக்கலாம். தொலைக்காட்சி வரைபடத்தில் கவுண்டிக்கு அடிக்கும் நீல வண்ணம் இதையெல்லாம் காட்டாது.

வாக்குப்பதிவு சதவீதம் ஏன் வேறுபடுகிறது என்றால், எதால் வகுக்கிறார்கள் என்பதுதான் காரணம். மாநிலத் தேர்தல் துறை பதிவான வாக்காளர்களின் எண்ணிக்கையால் வகுக்கும். வேறு சிலர் 18 வயது நிரம்பிய எல்லோராலும் வகுப்பார்கள். லவுடன் போல எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்களும் கிரீன் கார்டுக்காரர்களும் நிறைய உள்ள இடத்தில், ஓட்டுரிமையே இல்லாதவர்களும் வராதவர்கள் கணக்கில் சேர்ந்துவிடுவதால் சதவீதம் தாழ்வாகத் தெரியும். பதிவுப் பட்டியலிலும் குறை உண்டு. வீடு மாறிப் போனவர் பெயரை உடனே அடிக்க முடியாது. 1993-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி நோட்டீஸ் அனுப்பி, பதில் வராவிட்டால் இரண்டு கூட்டாட்சிப் பொதுத் தேர்தல்கள் வரை 'செயலற்றவர்' என்று வைத்திருந்துதான் நீக்குவார்கள். அதுவரை அவர்களும் பட்டியலில் இருப்பதால் சதவீதம் குறைவாகத் தெரியலாம். ஆகவே ஒப்பிடும்போது ஒரே வகுக்கும் எண்ணை வைத்து, ஒரே வகைத் தேர்தலோடு ஒப்பிடுங்கள்: 2021-ஐ 2025-உடன், 2020-ஐ 2024-உடன்.

உங்கள் பகுதி எப்படி வாக்களித்தது என்று வாக்குச்சாவடி வாரியாகப் பார்க்கும் ஆசை வரும். அந்த முடிவுகள் தேர்தல் துறை இணையதளத்திலேயே கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: 2020-இல் முன்கூட்டியே போட்ட ஓட்டுகளைத் தனியாக ஒரே கணக்கில் சேர்த்தார்கள், அந்தந்தச் சாவடியில் சேர்க்கவில்லை. அந்த ஆண்டு முன்கூட்டியே போட்டவர்களில் ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்கள் அதிகம் என்பதால், பல சாவடிகள் இருப்பதைவிடச் சிவப்பாகத் தெரியும். 2022-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு சாவடிவாரியாகவே பிரித்துத் தருகிறார்கள். பழையதையும் புதியதையும் அப்படியே பக்கத்தில் வைத்து 'எங்கள் தெரு மாறிவிட்டது' என்று முடிவுகட்ட வேண்டாம்.

நீங்கள் இணையத்திலேயே பதிவு செய்யலாம். கடைசி நாள் தேர்தலுக்குச் சுமார் மூன்று வாரம் முன்பு. தவறவிட்டாலும் நேரில் போய்ப் பதிந்து தற்காலிக வாக்குச்சீட்டில் (தகுதியைச் சரிபார்த்த பிறகு எண்ணப்படுவது) போட வழி உண்டு. முன்கூட்டிய வாக்களிப்பு 45 நாள் முன்பே தொடங்கிவிடும். நீங்கள் ஓட்டுப் போட்டீர்களா என்பது பதிவாகும், யாருக்கு என்பது பதிவாகாது. தவறாமல் வாக்களிப்பவர்களின் வீட்டுக் கதவைத்தான் வேட்பாளர்கள் முதலில் தட்டுகிறார்கள்.

உங்கள் மனைவி விஷயத்தில் மட்டும் மிகக் கவனம். ஓட்டுநர் உரிமம் எடுக்கவோ புதுப்பிக்கவோ போகும்போது வாக்காளர் பதிவு பற்றிய கேள்வியும் வரும். குடிமகள் என்று அவசரத்தில் டிக் செய்துவிட்டால், குடியுரிமை விண்ணப்பம் கெடுவதோடு நாடுகடத்தல் வரை போகலாம். ஏற்கெனவே அப்படி ஏதாவது நடந்திருந்தால், பெயரை நீக்கக் கடிதம் எழுதும் முன்பே ஒரு குடிவரவு வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள்.