கோல்கீப்பரை மாற்றினால் சரியாகிவிடுமா?

கேள்வி: அண்ணே, ஒரு நாக்அவுட் ஹாக்கிப் போட்டியில் எங்கள் கிளப் அரையிறுதியில் 3-1 என்று தோற்றுவிட்டது. மூன்றாவது குவார்ட்டர் முடியும்வரை நாங்கள்தான் 1-0 முன்னிலை. கடைசிக் குவார்ட்டரில் மூன்று கோல் வாங்கினோம், அதில் இரண்டு பெனால்டி கார்னரில் வந்தவை. மொத்தம் 14 பேர் போயிருந்தோம், வெளியே உட்கார்ந்த மூன்று பேரும் ஃபார்வர்டுகள். கோல்கீப்பரை மாற்றியே ஆக வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
- வாசகர், தக்கலை

பதில்: மக்கா, 45 நிமிடம் ஒரு கோல்கூட விடாதவன் கடைசி 15 நிமிடத்தில் திடீரென்று ஆட்டத்தை மறந்துவிடுவானா? ஓய்ந்துபோனது அவனுக்கு முன்னால் நின்ற டிஃபென்ஸ். ஹாக்கியில் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம், வெளியே போனவனே திரும்ப உள்ளே வரலாம், ஆனால் உங்களிடம் இருந்த மூன்று மாற்று ஆட்களும் முன்னால் ஆடுகிறவர்கள், அதனால் ஃபார்வர்டுகள் மாறி மாறி மூச்சு வாங்கிக்கொள்ள, நடுவில் ஆடும் ஹாஃபும் பின்னால் ஆடும் பேக்கும் 60 நிமிடமும் ஓடித் தீர்த்திருக்கிறார்கள். கால் ஓய்ந்தவன் நகர்ந்து போய்ப் பந்தை எடுக்க மாட்டான், நின்ற இடத்திலிருந்தே மட்டையை நீட்டுவான், பந்து காலில் படும். டி-க்குள், அதாவது கோலுக்கு முன்னால் உள்ள அரைவட்டத்துக்குள் பட்டால் பெனால்டி கார்னர்தான். எதிரணியில் ஒருவர் பந்தைத் தள்ளிவிட, இன்னொருவர் நிறுத்த, மற்றொருவர் கோலுக்கு அடிப்பார், நம் ஆட்கள் கோல் கோட்டிலிருந்து பாய்ந்து போய்த் தடுக்க வேண்டும்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கைப் பார். காலிறுதியில் பிரிட்டனுக்கு எதிராக அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார், மிச்ச நேரம் பத்துப் பேரை வைத்தே 1-1 என்று இழுத்துப் பிடித்து ஷூட் அவுட்டில் ஜெயித்தோம். அடி விழுந்தது அரையிறுதியில். தடையால் அவர் இல்லாமல் ஜெர்மனியோடு ஆடி 3-2 என்று தோற்றோம், அவர்களின் வெற்றி கோல் 54-வது நிமிடத்தில் வந்தது. ரோஹிதாஸ் பேக் ஆடுவார், எதிரணியின் கார்னரில் முதல் ஆளாகப் பாய்ந்து போவார், கேப்டன் ஹர்மன்பிரீத் வெளியே இருந்தால் நம் கார்னரில் ஃப்ளிக், அதாவது பந்தை மட்டையால் சுண்டி கோலுக்கு அடிப்பதும் அவர்தான். ஒருத்தர் இல்லை, மூன்று வேலை போச்சு. அன்றைக்குக் கோலில் நின்றது பக்கத்து மாநிலத்து ஸ்ரீஜேஷ், அவரை மாற்றியிருக்கலாம் என்று சொல்ல யாருக்காவது வாய் வருமா?

ஒரு தாளில் வேலைகளை எழுது. கார்னரில் முதலில் பாய்கிறவர், கோட்டில் நிற்கிறவர், பந்தை நிறுத்துகிறவர், ஃப்ளிக் அடிக்கிறவர், அப்புறம் சென்டர் ஹாஃப். எந்த வேலைக்கு எதிரே இரண்டாவது பெயர் எழுத வரவில்லையோ அங்கேதான் ஓட்டை. அந்த மூன்று ஃபார்வர்டுகளில் இரண்டு பேரை இப்போதே ஹாஃபில் ஆட வை, முனகுவார்கள், முனகட்டும். நம் குமரி மாவட்டத்தில் ரெண்டு பருவமழையும் பெய்து மைதானம் சேறாகிக் கிடக்கும், அந்த நாட்களில் ஏதாவது சிமென்ட் தரையிலாவது கார்னரைத் தடுக்க ஓடிப் பழகுங்கள்.

சரி, வெளியே இருந்த மூன்று பேரும் ஃபார்வர்டு என்றால் இரண்டாவது கோல்கீப்பரே உங்களிடம் கிடையாது. இவனையும் அனுப்பிவிட்டு யார் காலில் பேடு கட்டப் போகிறீர்கள்?