வெளிநாட்டுக் குழு வரும்வரை பொறுக்கலாமா?

கேள்வி: ஹட்டனில் இருக்கும் என் தங்கையின் மகளுக்குப் பிறந்து 6 கிழமையான ஆண் பிள்ளைக்கு மேலுதட்டிலும் அண்ணத்திலும் பிளவு இருக்கிறது. வெளிநாட்டுத் தொண்டர் வைத்தியர் குழு ஒன்று அடுத்த வருடம் வந்து இலவசமாகச் சத்திரசிகிச்சை செய்யுமாம்; அதுவரை பொறுத்திருக்கலாமா? கிரகணத்தன்று தாய் வெளியே வந்ததே காரணம் என்று அவளுடைய மாமியார் குறைசொல்கிறார்.
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: பொறுக்க வேண்டாம். உதட்டைப் பொதுவாக 3 மாதமளவில், பிள்ளை 10 இறாத்தல் நிறையை எட்டியபின் தைப்பார்கள். அண்ணத்தைப் பேச்சு உருவாகத் தொடங்கும் காலத்தை ஒட்டி, 9 முதல் 18 மாதங்களுக்குள் மூடுவார்கள். 1980களில் பிரித்தானியாவிலிருந்து காலிக்கு வந்த குழுவினர், சிகிச்சையே இல்லாமல் வளர்ந்துவிட்ட பிள்ளைகளுக்குப் பதின்ம வயதில் அண்ணத்தை மூடியபோதும் பலரின் பேச்சு தெளிவடையவில்லை என்பதைக் கண்டார்கள். நம் நாட்டுப் பிள்ளைகளிடம் கற்ற அந்தப் பாடத்தை நாமே மறக்கலாகாது.

தொண்டர் குழுக்களை நான் குறைத்து மதிக்கவில்லை. 1982இல் பிலிப்பைன்ஸின் நாகா நகருக்குச் சென்ற அமெரிக்க வைத்தியர் மகீயும் அவர் மனைவியும், வந்திருந்த பிள்ளைகளுள் பெரும்பாலானோரைத் திருப்பியனுப்ப நேர்ந்த வேதனையிலிருந்தே ‘ஆபரேஷன் ஸ்மைல்’ என்ற, பிளவுக்கு இலவசச் சத்திரசிகிச்சை செய்யும் தொண்டு அமைப்பைத் தொடங்கினார்கள். வைத்தியரே இல்லாத இடங்களில் இத்தகைய குழுக்கள் எத்தனையோ முகங்களை மீட்டிருக்கின்றன. ஆனால் இந்தச் சிகிச்சை ஒரு நாளில் முடிவதில்லை. தைத்த அண்ணத்தில் துவாரம் விழலாம், நடுக்காதில் நீர் தேங்கிக் கேட்கும் திறன் குறையலாம், பேச்சுப் பயிற்சியும் பல்வரிசைச் சீரமைப்பும் பல வருடங்கள் தொடரும். குழு விமானம் ஏறியபின் இவற்றை யார் பார்ப்பது? 1999இல் தோன்றிய ‘ஸ்மைல் ட்ரெயின்’ என்ற தொண்டு அமைப்பு உள்ளூர் வைத்தியர்களுக்கே பயிற்சியும் நிதியும் வழங்குவதைத் தன் வழியாகக் கொண்டதை, இதனாலேயே நான் பெரிதும் மதிக்கிறேன்.

இங்கே அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். கொழும்பு சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ, ஹட்டனுக்கு அண்மையிலுள்ள பேராதனைப் போதனா வைத்தியசாலைக்கோ இப்போதே பிள்ளையைக் காட்டுங்கள். அதுவரை நிமிர்த்திப் பிடித்து, சிறிது சிறிதாகப் பாலூட்டச் சொல்லுங்கள்; அண்ணப் பிளவுள்ள பிள்ளையால் பாலை இழுத்து உறிஞ்ச இயலாது, நிறை ஏறாவிட்டால் சத்திரசிகிச்சையும் தள்ளிப்போகும்.

கிரகணத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கருவில் உதடு பொருந்துவது 4 முதல் 7ஆம் கிழமைக்குள், அதாவது பல பெண்கள் தாம் கர்ப்பமென்று உறுதியாக அறியுமுன்னரே. மரபணுவும் வேறு பல காரணிகளும் சேர்ந்து அதைத் தடுத்துவிடுகின்றன. அந்தத் தாய்மீது ஒரு பழியும் இல்லை என்பதை, வயதில் மூத்தவராகிய நீங்களே ஹட்டனுக்குப் போய் மாமியாரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.