அடுப்படிக் கேள்விகள்: கறுப்புச் சிலிண்டரும் சிவப்புச் சிலிண்டரும்

மதுரையில் ஒரு கேஸ் ஏஜென்சியில் 31 வருஷம் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. நுரையீரலில் பிரச்சினை. 2021-ல் கொரோனா நேரத்தில் எங்கெங்கோ அலைந்து ஓர் ஆக்சிஜன் சிலிண்டர் வாங்கினோம். இப்போதும் சில ராத்திரிகளில் அவருக்கு அது தேவைப்படுகிறது. ஹாலில் சுவர் ஓரமாக நிற்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறை. அங்கே இரண்டு கேஸ் சிலிண்டர்கள். "இரண்டையும் ஒரே வீட்டில் வைத்திருப்பது வெடிகுண்டைக் கட்டிக்கொண்டு படுப்பது மாதிரி" என்கிறார் என் கொழுந்தனார். எனக்குத் தூக்கமே போய்விட்டது. (ஒரு வாசகி, தேனி)

பதில்: அம்மா, உங்கள் கொழுந்தனார் சொன்னதில் பாதி சரி. பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறது என்பதற்காக இரண்டும் வெடித்துவிடாது. நடுவில் சுவர் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அது நல்லது. ஆனால் இரண்டையும் ஒரே மாதிரி பார்த்துப் பயப்படக் கூடாது. இரண்டின் குணமும் நேர் எதிர்.

சிவப்புச் சிலிண்டருக்குள் இருப்பது பெரும்பாலும் திரவம். ஆட்டினால் தளும்புவது தெரியும். மதுரை வெயிலில்கூட உள்ளே அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏழெட்டு கிலோ அளவில்தான் இருக்கும். கறுப்பு உடம்பும் வெள்ளைத் தோளுமாக உங்கள் ஹாலில் நிற்கிறதே, அதில் திரவம் கிடையாது. வாயுவை 150 கிலோ வரை அமுக்கி அடைத்திருக்கிறார்கள். கார் டயரில் இருப்பது இரண்டு கிலோ சொச்சம் என்று நினைத்துக்கொண்டால் இந்த 150 என்னவென்று புரியும். சிவப்பில் உள்ள வாயு எரியும். கறுப்பில் உள்ளது எரியாது, மற்றதையெல்லாம் எரியவைக்கும். நாம் மூச்சு விடும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். அது 24, 25 ஆனாலே வேட்டி, தலையணை உறை, தலைமுடி எல்லாம் நாம் பார்த்துப் பழகாத வேகத்தில் பற்றும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஏஜென்சியில் இல்லை. 2021 மே மாதம், தெருவில் ஒரு வீட்டுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் வந்து இறங்கியது. "அண்ணே, நீங்கதான் சிலிண்டர்காரர், இதையும் மாட்டிக் கொடுங்க" என்று கூப்பிட்டார்கள். அப்போதுதான் ஓர் அடுப்பின் திருகைக் கழற்றி கிரீஸ் வைத்துவிட்டு வந்திருந்தேன், கையெல்லாம் பிசுபிசுப்பு. ஆக்சிஜன் ரெகுலேட்டரின் மரை பிடிக்காமல் இறுகி நின்றது. எங்கள் தொழிலில் இறுகின மரைக்கு மருந்து ஒரு சொட்டு எண்ணெய். கை தானாகப் பையில் இருந்த எண்ணெய்க் கேனைத் தேடியது. சிலிண்டரை இறக்க வந்த பையனுக்கு இருபது வயசு இருந்தால் அதிகம். என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான். "அண்ணே, முதல்ல போய் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிட்டு வாங்க." 150 கிலோ அழுத்தத்தில் ஆக்சிஜன் பாயும் வழியில் எண்ணெய்ப் பசை இருந்தால், தீக்குச்சி இல்லாமலே அது பற்றிக்கொள்ளும். அப்புறம் ரெகுலேட்டரே எரியும். அத்தனை வருஷம் கேஸ் தொழிலில் இருந்த எனக்கு இது தெரியாது. கழுவிவிட்டு வந்தேன்.

அதனால் உங்கள் வீட்டில் நான் முதலில் பார்ப்பது சிலிண்டரை இல்லை, அப்பாவின் தலைமாட்டை. ஆக்சிஜன் வைத்தால் மூக்கு வறண்டு எரியும். உடனே நம் வீடுகளில் தேங்காய் எண்ணெயோ தைலமோ வாஸ்லினோ தடவிவிடுவோம். அது வேண்டாம். தண்ணீரில் கரையும் ஜெல் மருந்துக்கடையில் கிடைக்கும், டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். ஹாலிலேயே சாமி படம் மாட்டி விளக்கேற்றுகிறீர்களா? ஊதுவத்தி, கொசுவத்திச் சுருள்? ஆக்சிஜன் ஓடும்போது இவை பத்தடிக்குள் வரக் கூடாது. பீடி, சிகரெட் அந்த அறைக்குள்ளேயே கூடாது. மூக்குக் குழாயைக் கழற்றிப் போர்வை மேல் போட்டுவிட்டு வால்வை மூடாமல் போவது பலர் செய்யும் தப்பு. போர்வை ஆக்சிஜனைக் குடித்துக்கொண்டே இருக்கும். கழற்றினால் மூடுங்கள். அப்பா எழுந்து அடுப்படிக்குப் போவதாக இருந்தால் ஓர் அரை மணி நேரம் கழித்துப் போகட்டும்.

அடுத்தது, சுவர் ஓரமாக "நிற்கிறது" என்கிறீர்களே, எதில் கட்டி நிற்கிறது? பேரப்பிள்ளை பந்து எறிந்து, சிலிண்டர் சாய்ந்து, வால்வு கழுத்து தரையில் மோதி உடைந்தால், 150 கிலோ அழுத்தமும் அந்த ஓட்டை வழியாக வெளியே வரும். சிலிண்டர் ராக்கெட்டாகப் போகும், சுவரைத் துளைக்கும். சுவரில் கொக்கி அடித்துச் சங்கிலி போடுங்கள். கட்டில் காலில் கட்டாதீர்கள், கட்டில் நகரும். வால்வைத் திறக்கும்போது ரெகுலேட்டருக்கு நேராக முகத்தை வைக்காமல் ஓரமாக நின்று மெதுவாகத் திறக்க வேண்டும்.

செலவு முடிந்தால் ஒரு கான்சன்ட்ரேட்டர் வாங்குவது பற்றி டாக்டரிடம் கேளுங்கள். காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷின். அழுத்தி அடைத்த இரும்பு இல்லை. நெருப்பு விஷயத்தில் மேலே சொன்னதெல்லாம் அதற்கும் உண்டு. மின்சாரம் போனால் மட்டும் சிலிண்டர். சின்ன சிலிண்டர், அதாவது 1,500 லிட்டர் பிடிப்பது, நிமிஷத்துக்கு இரண்டு லிட்டர் வைத்தால் பன்னிரண்டரை மணி நேரம் வரும். தேவையே இல்லை என்றாகிவிட்டால் வாங்கிய இடத்தில் திருப்பிக் கொடுங்கள். காயலான் கடைக்குப் போடாதீர்கள். அங்கே அதை அறுக்க உட்காருபவர் உள்ளே என்ன மிச்சம் என்று பார்க்க மாட்டார்.

என்றைக்காவது வீட்டில் தீ என்றால், வருகிற தீயணைப்புக்காரர்களிடம் "உள்ளே ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறது" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

கேள்வி: வந்த சிலிண்டரில் "டி-26" என்று எழுதியிருக்கிறது. இது காலாவதித் தேதி, தாண்டினால் வெடிக்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: கேஸ் கெட்டுப்போகாது சார், அது தயிர் இல்லை. அந்த எழுத்து சிலிண்டரை அடுத்த சோதனைக்கு அனுப்ப வேண்டிய காலம். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி கடைசி மூன்று மாதம். டி-26 என்றால் 2026 டிசம்பருக்குள் அது சோதனைக்குப் போக வேண்டும். சோதனையில் தண்ணீர் நிரப்பி 25 கிலோ வரை அழுத்திப் பார்ப்பார்கள். தேதி தாண்டிய சிலிண்டரைக் கொண்டுவந்தால் வாங்காதீர்கள், திருப்பி அனுப்ப உங்களுக்கு உரிமை உண்டு.

ஆனால் அந்தத் தேதியைப் படிக்கும் கண்ணை இரண்டு அங்குலம் கீழே இறக்குங்கள். மூடியைக் கழற்றி வால்வு வாய்க்குள் எட்டிப் பாருங்கள். ஒரு கறுப்பு ரப்பர் வளையம் தெரியும், நாங்கள் வாஷர் என்போம். கீறல் விட்டிருக்கிறதா, நசுங்கியிருக்கிறதா, சில சமயம் அது இல்லவே இல்லையா என்று பாருங்கள். என் 31 வருஷத்தில் "கேஸ் நாத்தம்" என்று வந்த புகார்களில் இரும்பு ஓட்டையாகி நான் பார்த்தது விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றதெல்லாம் இந்த வாஷர், பழைய ட்யூப், திருகு. ரெகுலேட்டரை மாட்டித் திறந்து, சோப்பு நுரையை அதன் கழுத்தைச் சுற்றித் தடவுங்கள். மீன் குஞ்சு மூச்சு விடுகிற மாதிரி ஒரே இடத்தில் முட்டை முட்டையாக வந்தால் கசிவு. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கிற ஆட்களை இன்னும் பார்க்கிறேன். அவர்களுக்கு என்ன சொல்வது!

ஆரஞ்சு நிற ட்யூபை ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். மாற்றிய வருஷத்தை பால் பாயின்ட் பேனாவால் அதிலேயே எழுதி வையுங்கள்.

கேள்வி: புது ஃப்ளாட்டில் இன்டீரியர் செய்தவர் சிலிண்டரை அடுப்பு மேடைக்குக் கீழே கதவு போட்ட அலமாரிக்குள் அடைத்துவிட்டார். பார்க்க அழகாக இருக்கிறது. பாதுகாப்பா? (ஒரு வாசகி, சென்னை)

பதில்: இல்லை அம்மா. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் மேலே போகாது. தண்ணீர் மாதிரி தரையில் படிந்து மூலைக்கு ஓடும். அந்த அலமாரி அதற்கு நீங்கள் கட்டிக் கொடுத்த தொட்டி. காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே பற்றும். பத்தடிக்கு எட்டடி அடுப்படிக்குக் கணக்குப் போட்டால், ஏறக்குறைய ஒரு கிலோ கேஸ் வெளியே வந்தால் அந்த அறை முழுக்கவே பற்றத் தயார். சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ. அலமாரியை நிரப்ப ஒரு கிலோகூட வேண்டாம்.

பேப்பரில் "சிலிண்டர் வெடித்து வீடு தரைமட்டம்" என்று வரும். அப்படி ஒரு வீட்டுக்கு மறுநாள் என்னை அனுப்பினார்கள். ஜன்னல் கம்பியோடு தெருவில் கிடந்தது, கூரை ஓடு ஒன்றுகூட இல்லை. சிலிண்டர் மட்டும் அடுப்படி மூலையில் பெயின்ட் கருகி, ஆனால் ஒரு நெளிசல் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. வெடித்தது அறைக்குள் தேங்கின கேஸ். சிலிண்டரே வெடிப்பது வேறு கதை. வெளியே இருந்து பெரிய தீ அதன் உடம்பைச் சுட்டுக்கொண்டே இருக்கும்போது நடப்பது. அந்த நிலைமை வந்தால் பக்கத்தில் போகாமல் ஓட வேண்டும்.

தச்சரைக் கூப்பிட்டு அலமாரிக் கதவின் அடியில், தரையை ஒட்டி, கை நுழையும் அளவுக்குத் திறப்பு வெட்டச் சொல்லுங்கள். கதவையே கழற்றிவிட்டால் இன்னும் நல்லது. அழகு கொஞ்சம் போகும், போகட்டும்.

ராத்திரி நாற்றம் வந்தால் எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். எக்ஸாஸ்ட் ஃபேன் போடத்தான் முதலில் கை போகும், அதுவே பொறி. ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, வால்வுக்கு மூடியைப் போட்டு, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து, கேஸ் கசிவுக்கான அவசர உதவி எண் 1906-க்குக் கூப்பிடுங்கள். அந்த மூடியைத் தொலைக்காமல் கயிற்றோடு சிலிண்டரிலேயே விட்டு வையுங்கள்.

கேள்வி: நாங்கள் நாலு பேர் பனியன் கம்பெனியில் வேலை. ரூமில் சின்ன சிலிண்டர், மேலேயே பர்னர் வைத்தது. கடையில் பெரிய சிலிண்டரிலிருந்து நிரப்பித் தருகிறார்கள். விலை குறைவு. தப்பா? (ஒரு வாசகர், திருப்பூர்)

பதில்: தப்புதான் தம்பி, சட்டப்படியும் தப்பு. 14.2 கிலோ சிலிண்டரின் கொள்ளளவு 33.3 லிட்டர். கேஸ் கம்பெனியில் அதில் நாலில் மூன்று பங்குக்குச் சற்று மேல்தான் திரவம் நிரப்புவார்கள். சூட்டில் திரவம் விரியும், அதற்கு இடம் வேண்டும். ரோட்டோரத்தில் தலைகீழாகக் கவிழ்த்து நிரப்புகிறவரிடம் தராசு ஏது? கழுத்து வரை ஏற்றிவிட்டால், திருப்பூர் தகர ஷெட் ரூமில் மத்தியானம் என்ன ஆகும்? முகவரிச் சான்று இல்லாமலே 5 கிலோ சிலிண்டர் எண்ணெய் நிறுவனங்களே விற்கின்றன. ஏஜென்சியிலும் சில பெட்ரோல் பங்குகளிலும் கிடைக்கும். ஏதாவது ஓர் அடையாள அட்டை கொண்டு போங்கள். நாலு பேர் பங்கு போட்டால் பெரிய தொகை இல்லை.

கேள்வி: 2021 கடைசியில் இங்கே கேஸ் அடுப்புகள் அடுத்தடுத்து வெடித்தன. அதன் பிறகு சிலிண்டரைத் தொடவே பயம். அப்படி ஏன் நடந்தது? (ஒரு வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: ஐயா, கேஸ் கலவையை மாற்றியதுதான் காரணம் என்று உங்கள் அரசு நியமித்த குழுவே சொன்னது. சமையல் கேஸ் என்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. 30 டிகிரி சூட்டில் பியூட்டேன் மட்டும் இருந்தால் அழுத்தம் இரண்டு கிலோ அளவு. புரோப்பேன் மட்டும் இருந்தால் பத்தை நெருங்கும். புரோப்பேன் பங்கைக் கூட்டினால் அதே பழைய ரெகுலேட்டரும் ட்யூபும் கூடுதல் அழுத்தத்தைத் தாங்க வேண்டிவரும். இளைத்த இடத்தில் கசியும். அந்தக் காலத்து ரெகுலேட்டரும் ட்யூபும் உங்களிடம் இன்னும் இருந்தால் இரண்டையும் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: கேஸ் தீரும் நேரத்தில் என் மாமியார் சிலிண்டரைப் படுக்கப் போட்டுவிட்டு, "இன்னும் ரெண்டு நாளைக்கு வரும்" என்கிறார். சில நாள் சுடுதண்ணீரில் நிறுத்துகிறார். சொன்னால் கேட்பதில்லை. (ஒரு வாசகி, விருதுநகர்)

பதில்: படுக்கப் போட்டால் வாயுவுக்குப் பதில் திரவமே ரெகுலேட்டருக்குள் வரும். ஒரு லிட்டர் திரவம் வாயுவானால் சுமார் 250 லிட்டர். சிம்மில் இருந்த அடுப்பு ஓர் ஆள் உயரத்துக்கு எழும்பும், புடவைத் தலைப்பு அதற்குப் பக்கத்தில்தான் இருக்கும். சுடுதண்ணீரும் கூடாது.

அத்தையிடம் சண்டை போடாமல் இதைச் செய்து காட்டுங்கள். ஈரத்துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழே ஒரே இழுப்பாகத் துடையுங்கள். இரண்டு நிமிஷத்தில் மேல் பக்கம் காய்ந்துவிடும், திரவம் இருக்கிற உயரம் வரை ஈரம் நிற்கும். அந்தக் கோடு அடியிலிருந்து நாலு விரலுக்கு வந்த அன்றைக்கே அடுத்த சிலிண்டருக்குப் பதிவு செய்துவிடச் சொல்லுங்கள். கோடு போடும் வேலையை அத்தையிடமே ஒப்படைத்தால் இன்னும் நல்லது.