சினிமாவை விட வேண்டாம், சென்னைக்கும் இப்போது போக வேண்டாம்

அன்புள்ள அக்கா,

உங்கள் மகளின் சினிமா வாய்ப்புக்காகச் சென்னைக்குக் குடிபோகலாமா என்று கேட்கச் சனிக்கிழமை திருவையாற்றிலிருந்து பஸ் பிடித்து வந்தீர்கள். வெளியே ஆள் காத்திருந்ததால் பேச்சைப் பாதியில் முடித்துவிட்டேன். வந்தபோது இருந்த கவலையோடேதான் நீங்கள் படி இறங்கினீர்கள். அது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. மீதியை எழுதிவிடுகிறேன்.

பாப்பா எட்டு வயதில் ஒரு படம், ஒன்பதில் இன்னொன்று, அப்புறம் ஒரு ஜவுளிக்கடை விளம்பரம் நடித்தாள். இப்போது வயது பதினைந்து. இரண்டு வருடமாக யாரும் கூப்பிடவில்லை. அவளிடம் ஏதோ குறை என்று நினைக்காதீர்கள். குழந்தை வேடத்துக்கு வளர்ந்துவிட்டாள், பெரிய வேடத்துக்கு வயது வரவில்லை. குழந்தை நட்சத்திரமாக இருந்த பலருக்கும் இந்த இடைவெளி வந்திருக்கிறது. அதற்காக வீட்டைப் பூட்டிக்கொண்டு வடபழனியில் வாடகைக்குப் போவதில் அர்த்தம் இல்லை. போட்டோ எடுத்து வாய்ப்பு வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்கிறவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வேலைக்குக் கூப்பிடுகிறவர்தான் சம்பளம் தர வேண்டும்.

நீங்கள் பேசிக்கொண்டிருந்தபோது பாப்பா பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள். நீங்கள் கவனித்தீர்களா தெரியவில்லை. ஒன்பது வயதில், ஷூட்டிங் நடந்த நாட்களில் எழுதியது. ஒரு பக்கம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "காலை 6.10 வேன். சாப்பாடு 130 பேருக்கு, வந்தது 110. லைட் அண்ணன்களுக்குக் கடைசியில் இல்லை. மழை. இரண்டு மணி நேரம் எல்லாரும் சும்மா. ஜெனரேட்டர் மட்டும் ஓடியது."

அக்கா, தன் வசனத்தைப் பற்றி அந்தப் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. கேமராவுக்கு முன்னால் நின்றுகொண்டே அவள் கேமராவுக்குப் பின்னால் நடந்ததைப் பார்த்திருக்கிறாள். எனக்கு அன்று முழுக்க சந்தோஷமாக இருந்தது. ஒரு தயாரிப்பாளர் பார்க்க வேண்டியதை அந்த வயதிலேயே பார்த்திருக்கிறாள்.

தயாரிப்பு என்றால் என்னவென்று கேட்டீர்கள். உங்கள் வீட்டுக்கார அண்ணன் செய்வதை நினைத்துப் பாருங்கள். மேட்டூர் திறக்கும் தேதியைப் பார்த்துக் கடன் வாங்குகிறார். நடவுக்கு ஆள் பேசுகிறார், அறுவடை மெஷினுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கிறார். நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகாமல் காயவைத்துக் கொள்முதல் நிலையத்தில் கொண்டுபோய்ப் போடும்வரை கையிலிருந்துதான் பணம் போகிறது. படமும் இப்படித்தான். கதையைக் காட்சி காட்சியாகப் பிரித்து, ஒரே இடத்தில் எடுக்க வேண்டியதை ஒன்றாகச் சேர்த்து, நடிகர்களின் கால்ஷீட்டோடு பொருத்தி ஷெட்யூல் போட வேண்டும். ஒரு நாள் மழையில் போனாலும் பேட்டா, வாடகை, வட்டி எதுவும் நிற்காது. கடைசியில் தியேட்டர், சேட்டிலைட், ஓடிடி உரிமைகளை விற்றுத்தான் போட்ட பணத்தை எடுக்க வேண்டும். அதற்குக் கணக்கும் ஒப்பந்தமும் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த வழியில் போனவர்கள் உண்டு. குட்டி பத்மினியை உங்கள் அம்மாவுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். 1965-இல் 'குழந்தையும் தெய்வமும்' படத்தில் இரட்டை வேடம். 1968-இல் வந்த 'குழந்தைக்காக' படத்துக்குச் சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான தேசிய விருது. பின்னாளில் சொந்த நிறுவனம் நடத்தி டிவி தொடர்கள் தயாரித்தார். 2015-இல் கலைஞர் டிவியில் வந்த 'ராமானுஜர்' அவர் தயாரித்ததுதான்.

சரி, இப்போது என்ன செய்வது? பதினொன்றாம் வகுப்பில் வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் உள்ள குரூப்பில் சேருங்கள். நான்காவது பாடமாக வணிகக் கணிதம் கிடைத்தால் நல்லது. அவள் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படிக்கிறாள். அதே மாதிரி பிளஸ் டூவும் முடித்தால் கல்லூரியில் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும். நடுவில் சென்னையில் தனியார் பள்ளிக்கு மாற்றினால் அது போய்விடும். பிளஸ் டூவுக்குப் பிறகு தஞ்சாவூர் குந்தவை நாச்சியார் கல்லூரியில் பி.காம். படிக்கலாம். வீட்டிலிருந்தே போய் வரும் தூரம்தான். அதற்குள் படத்தொகுப்பு, இயக்கம் என்று மனம் போனால் தரமணியில் உள்ள அரசு எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு நான்கு வருடப் பட்டப்படிப்பு இருக்கிறது. தயாரிப்பையே பாடமாகப் படிக்க வேண்டுமென்றால் கொல்கத்தாவில் சத்யஜித் ராய் திரைப்படப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. ஏதாவது ஒரு பட்டம் முடித்துவிட்டு நுழைவுத் தேர்வு எழுதலாம். நிர்வாகப் பக்கம் போக நினைத்தால் கேட் (CAT) நுழைவுத் தேர்வு எழுதி எம்.பி.ஏ. படிக்கலாம், திருச்சியிலேயே ஐ.ஐ.எம். இருக்கிறது. இதில் எதையும் இன்று முடிவு செய்ய வேண்டாம். பி.காம். கடைசியாகச் சொன்ன இரண்டு வழிக்கும் ஒத்துவரும் என்பதால்தான் அதைச் சொல்கிறேன்.

இன்னொன்றைச் சொல்லத் தயங்கினேன், ஆனால் சொல்லியாக வேண்டும். அவள் நடித்த சம்பளத்தைக் கையில் ரொக்கமாகக் கொடுத்தார்கள், வீட்டுக் கூரைக்கு ஓடு மாற்றச் செலவாகிவிட்டது என்றீர்கள். அது உங்கள் தவறில்லை, யாரும் சொல்லித்தரவில்லை. ஆனால் 2017-இல் வந்த மத்திய அரசு விதிகளின்படி, 14 வயதுக்குட்பட்ட குழந்தை நடித்தால் தயாரிப்பாளர் மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி வாங்க வேண்டும். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் குழந்தையின் பெயரில் வைப்பாகப் போட வேண்டும், 18 வயதில் அது அவளுக்குச் சேரும். உங்களுக்கு அப்படி ஒரு ரசீதுகூடத் தரப்படவில்லை. இனி விளம்பர வாய்ப்பு ஏதாவது வந்தால் அவளுக்கென்று ஒரு கணக்கு தொடங்கி அதில்தான் பணம் வர வேண்டும் என்று கேளுங்கள். ஒப்பந்தத்தை எனக்கு ஒரு தடவை காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அவள் நடிப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. லீவில் கூப்பிட்டால் போகட்டும். ஆனால் இந்தத் தடவை அவளையே கேளுங்கள், நீங்களும் அண்ணனும் பேசி முடிவு செய்யாதீர்கள். சனிக்கிழமை ஒரு மணி நேரத்தில் அவள் பேசியது மூன்று வார்த்தைதான். அதில் இரண்டு "தெரியல சார்".

அடுத்த வாரம் புதன்கிழமை சாயங்காலம் நான் சும்மாதான் இருப்பேன். அண்ணனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பாப்பாவிடம் அந்த நோட்டை எடுத்து வரச் சொல்லுங்கள், மீதிப் பக்கங்களையும் படிக்க வேண்டும்.