மனு கொடுத்து என்ன ஆகும்?

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 27 வயது. திருமங்கலம் பக்கம் ஒரு கிராமம். கடையில் கணக்கு எழுதுகிறேன். செய்தி பார்த்தாலே மனம் சோர்ந்துவிடுகிறது. எங்கள் ஊர்க் கண்மாய் குப்பைமேடாகிவிட்டது. மனு கொடுக்கலாம் என்றால் நண்பர்கள் “கொடுத்து என்ன ஆகும்?” என்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. நம்பிக்கையே இல்லாமல் ஒரு வேலையை எப்படித் தொடங்குவது?

பெயர் வேண்டாம்

அன்புள்ள தம்பி,

நம்பிக்கை இருந்தால்தான் தொடங்க முடியும் என்கிறீர்கள். 2024 நவம்பரில் நம் மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டிக்காரர்களிடம் என்ன நம்பிக்கை இருந்திருக்கும்? டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்துவிட்டது என்ற செய்திதான் அவர்களுக்கு வந்து சேர்ந்தது. ஏறக்குறைய 5,000 ஏக்கர். தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமென்று 2022இல் அறிவித்த இடமும் அதற்குள் வந்தது. வல்லூறு கூடு கட்டும் குன்று, குடைவரைக் கோயில், சமணர் படுக்கை, சுனைகள் எல்லாம் இருக்கிற ஊர்.

அவர்கள் கைக்கு எட்டியதைச் செய்தார்கள். கிராம சபையைக் கூட்டித் தீர்மானம் போட்டார்கள், பக்கத்து ஊர்களும் போட்டன. டிசம்பரில் சட்டமன்றமே தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று மேலூர்ப் பக்கமிருந்து ஆயிரக்கணக்கானோர் மதுரை தல்லாகுளம் வரை வந்தார்கள். ஜனவரி 23இல் ஏலம் ரத்து.

எனக்கு இது புதிதாகவும் படவில்லை. கண்மாய்க் கரை உடைந்தால் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு போன சீமை இது. நான் போடும் ஒரு கூடை மண்ணில் கரை நிற்குமா என்று கணக்குப் பார்த்துவிட்டா போனார்கள்?

சரி, எல்லாம் ஜெயிக்காது. எங்கள் பகுதி வரத்துக்கால்வாயை மூடிவிட்டார்கள் என்று மூன்று முறை மனு கொடுத்தோம். ரசீது வந்தது, கால்வாய் வரவில்லை. இன்றுவரை எனக்கு ஆறாத வருத்தம் அது. ஆனால் அந்த மனுவுக்காக வீடு வீடாக ஏறி இறங்கியதில்தான் பின் தெருக்காரர்களின் பெயரே எனக்குத் தெரிந்தது. 2024 அக்டோபர் மழையில் எங்கள் தெருவுக்குள் தண்ணீர் ஏறியபோது, நடக்க முடியாத பெரியவர் எந்த வீட்டில் இருக்கிறார் என்று நாங்கள் தேடவில்லை. நேரே போய்த் தூக்கி வந்தோம். அன்று ராத்திரி ஈரச் சேலையோடு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தபோது, இந்த ஊரில் நானும் ஓர் ஆள் என்று முதல்முறையாகத் தோன்றியது.

முதலில் உங்கள் கண்மாய் நீர்வளத்துறைக் கண்மாயா (முன்பு பொதுப்பணித்துறை), ஊராட்சி ஒன்றியக் கண்மாயா என்று கேளுங்கள். பொதுவாக ஆயக்கட்டு, அதாவது அந்தக் கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம், 100 ஏக்கருக்கு மேலென்றால் நீர்வளத்துறை, குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். அப்புறம் ஒரு திங்கட்கிழமை கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள். தனியாகப் போகாதீர்கள். அந்தக் கரையில் ஆடு மேய்ப்பவரையும், கடைமடையில் நிலம் வைத்திருப்பவரையும் கூட்டிப் போங்கள். நண்பர்கள் வராவிட்டால் பரவாயில்லை.

ரசீது எண்ணை எனக்கு எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா