வகுத்தல் கணக்கிலிருந்து தொடங்குங்கள்

டெல்லி மயூர் விஹாரிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார்: "ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகன் ஹிட்லர் காலத்துப் பள்ளிகளைப் பற்றிப் படித்தான். 'அந்தப் பிள்ளைகள் பாடப்புத்தகத்தை எப்படியம்மா நம்பினார்கள்? என் புத்தகத்தை நான் நம்பலாமா?' என்று கேட்கிறான். என்ன சொல்வது?"

நம்பு என்றோ நம்பாதே என்றோ சொல்லி முடித்துவிடாதீர்கள், அம்மா. முதலில் இந்தக் கணக்கைப் போடச் சொல்லுங்கள். மனநல மருத்துவமனை ஒன்றைக் கட்ட 60 லட்சம் மார்க் (அன்றைய ஜெர்மன் பணம்) செலவானது. வீடு ஒன்றுக்கு 15,000 மார்க் என்றால், அந்தப் பணத்தில் எத்தனை வீடுகள் கட்டியிருக்கலாம்?

400 என்று சட்டென்று சொல்லிவிடுவான். சரியான விடைதான். 1930களில் நாஜி ஜெர்மனியின் பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் இருந்த கேள்வி இது. இந்தக் கணக்கில் அந்தப் பிள்ளைகளை யாரும் எதையும் நம்பச் சொல்லவில்லை, வகுக்கத்தான் சொன்னார்கள். நோயாளி என்றால் வீண்செலவு என்ற எண்ணம் விடையோடு சேர்ந்தே உள்ளே இறங்கியது. 1940, 1941 ஆண்டுகளில் அதே அரசு மனநோயாளிகளும் மாற்றுத்திறனாளிகளுமாகச் சுமார் 70,000 பேரை நச்சுவாயுவால் கொன்றது. இந்தக் கணக்கு எதைக் கேட்கவிடாமல் செய்தது என்று மகனிடம் கேளுங்கள். அந்த நோயாளி யார் வீட்டுப் பிள்ளை என்ற கேள்விக்கு அவனாகவே வந்து சேருவான்.

மதத்தின் பெயரால் நடந்தது இன்னும் வெளிப்படை. பாகிஸ்தானில் ஜியா உல் ஹக் ஆட்சியில், 1981இல், கல்லூரிப் பாடநூல் எழுதுவோருக்கு ஓர் ஆணை வந்தது: நாட்டின் அடித்தளம் இனமோ மொழியோ நிலமோ அல்ல, மதமே என்று காட்ட வேண்டும். முடிவை முதலில் எழுதிவிட்டு, அதற்கேற்ற வரலாற்றைத் தேடும் வேலை அது.

இனி, அவனுடைய புத்தகம். டெல்லியின் புத்தகக் கடைத்தெருவான நயி சடக்கில் பழைய பாடநூல்கள் கிடைக்கும். அதே வகுப்பின் பழைய பதிப்பு ஒன்றை வாங்கி, இன்றைய பதிப்பின் அருகில் வையுங்கள். எந்தப் பத்தி போயிற்று, எது வந்தது என்று அவனே கோடிடட்டும். மாறியதெல்லாம் மூளைச்சலவை அல்ல. புதிய ஆய்வாலும் பாடம் மாறும். ஆனால் இப்படி ஒப்பிட்டுப் பார்ப்பதைத்தான் சர்வாதிகாரிகள் அஞ்சினார்கள். 1930இல் முசோலினி அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரே அரசுப் புத்தகம் என்றாக்கியது. ஸ்டாலின் காலத்திலோ, துரோகி என்று அரசு ஒழித்துக்கட்டிய தளபதிகளின் படங்களைத் தங்கள் பாடநூல்களில் பிள்ளைகளே மை பூசி மறைத்தார்கள்.

பழைய பிரதியில் முன்பு படித்த பிள்ளையின் பென்சில் கோடுகளும் இருக்கும். அவற்றை அழிக்க வேண்டாம். தேர்வுக்கு எது முக்கியம் என்று அன்றைய ஆசிரியர் சொன்னார், எதைத் தாண்டிப் போனார் என்பதையும் அவன் பார்க்கட்டும்.